கூட வந்திருக்கிறது யாரு?

அண்ணா, இந்தச் சேர்ல யாராவது வராங்களா? இல்லையா? அப்போ உக்காந்துக்கிறேன். நன்றிங்க.

நீங்க டயாலிசிஸுக்குத்தானே வந்திருக்கீங்க? உங்களுக்கு இல்லை, தெரியும். மாமியாருங்களா? அவங்களைச் சக்கர நாற்காலியில உள்ள தள்ளிட்டுப் போனதைப் பார்த்தேன். போர்வையைப் பாதம் வரைக்கும் இழுத்து விட்டீங்க. அதைப் பார்த்துட்டுத்தான் இங்க வந்தேன். தப்பா நினைச்சுக்காதீங்க. டயாலிசிஸ் முடிய எப்படியும் மத்தியானம் ஆயிடும். அதுவரைக்கும் நீங்க இந்த ஹால்லதான் இருந்தாகணும். நான் பேசுறதுக்கு அந்த மாதிரி ஆளாத்தான் பார்ப்பேன். அவசரத்துல இருக்கிறவங்களை நிறுத்தி வெச்சுப் பேசக் கூடாதுன்னு எங்க மேடம் சொல்லியிருக்காங்க.

ஐயோ, இல்லைங்க. இன்சூரன்ஸ் இல்லை. சத்தியமா இல்லை. எல்லாரும் முதல்ல அதைத்தான் கேக்குறாங்க. பையைத் திறந்து காட்டட்டுங்களா? தண்ணி பாட்டில், டவல், மாத்துச் சட்டை, அவ்வளவுதான். விக்கிறதுக்கு என்கிட்ட ஒண்ணுமே கிடையாது. என்னத்தை விக்கலாம்னு கண்டுபிடிக்கிறதுதான் இப்போதைக்கு என் வேலை.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். எனக்கு எதையும் மறைச்சுப் பேச வராது. நானும் இன்னைக்கு இங்க நோயாளிதான். வயித்துல எரிச்சல், கொஞ்ச நாளா வெளிய கறுப்பாப் போகுது. எண்டோஸ்கோப்பி பண்ணிப் பார்த்தே ஆகணும், தள்ளிப் போட்டா ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு. போன வாரமே வந்தேன். வெறும் வயித்தோட வந்து, சட்டையைக் கழட்டி, அந்தப் பச்சை அங்கியை மாட்டிக்கிட்டு உக்காந்தாச்சு. சிஸ்டர் வந்து, "கூட வந்திருக்கிறது யாரு?"ன்னாங்க. யாரும் இல்லைங்கன்னேன். மயக்க ஊசி போடணும், ஆள் இல்லாம தொட மாட்டோம், போயிட்டு ஆளோட வான்னுட்டாங்க. மறுபடியும் என் சட்டையைப் போட்டுக்கிட்டு, கீழ கேன்டீன்ல ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுப் போனேன்.

இன்னைக்கும் ஆள் வேணும். அதுக்கு ஒரு ஏற்பாடு வெச்சிருக்கேன், கடைசியில சொல்றேன். அதைக் கேக்குறதுக்காக உங்க பக்கத்துல வந்து உக்காரலை. அதாவது, அதுக்காகவும்தான். ஆனா அது தொழில் சம்பந்தப்பட்டது. முழுசாக் கேட்டீங்கன்னா உங்களுக்கே புரியும்.

என் பேரு குழந்தைவேல். ஆத்தூர் பக்கம். அம்மாவும் அப்பாவும் ஜவ்வரிசி ஆலையில. அம்மா மரவள்ளிக் கிழங்கு தோலுரிக்கிறாங்க, அப்பா ஜவ்வரிசியைக் களத்துல காய வெக்கிறாரு. எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு நான்தான். இந்த ஊர்லதான் பி.பி.ஏ. முடிச்சேன். எங்க காலேஜ்ல தொழில் தொடங்குற பசங்களுக்குன்னு ஒரு மையம் இருக்குதுங்க. பெரிய ஹால், ஏசி, வரிசையா மேசை. ஐடியா தேறிச்சுன்னா தனி ரூம் குடுத்து, ஆரம்பிக்க உதவியும் பண்ணுவாங்க. தேறலைன்னா மேசையைக் காலி பண்ணிடணும்.

வீட்டுல நான் ஏதோ கம்பெனியில வேலை பார்க்கிறேன்னு நினைச்சுட்டு இருக்காங்க. நான் பொய் சொல்லலைங்க. "ஏசியாடா?"ன்னு அப்பா கேட்டாரு. ஆமாம்னேன். "உனக்குன்னு மேசை இருக்குதா?"ன்னாரு. இருக்குன்னேன். அதுக்கு மேல அவரு கேக்கலை.

அங்க சுகந்தி மேடம்னு ஒருத்தங்கதான் எங்களுக்கு எல்லாம். ஐடியாங்கிறது மண்டைக்குள்ள உக்காந்து யோசிச்சா வராது, ஜனங்களோட கஷ்டத்துல இருந்து வரணும்னு சொல்லுவாங்க. "ஏதாவது தோணுச்சுன்னா உடனே தலையில தூக்கி வெச்சுக்காத. வெளிய போய், முன்னப் பின்னத் தெரியாத ஆளுங்ககிட்ட பேசு. இது யாரோட கஷ்டம்? இன்னைக்கு அதை எப்படிச் சமாளிக்கிறாங்க? நீ தீர்த்து வெச்சா இன்னொருத்தர்கிட்ட போய்ச் சொல்வாங்களா? கடைசிக் கேள்விதான் முக்கியம். வாய் வழியாப் பரவாத தொழில் நிக்காது." இதுதான் அவங்க பாடம். நான் நேரா ஐடியாவைச் சொன்னா எல்லாரும் "நல்லா இருக்குது தம்பி, பண்ணு"ம்பாங்க. சின்னப் பையன் முகத்துக்கு நேரா யாரு மாட்டேம்பாங்க? அதனால வாங்குவீங்களான்னு கேக்கக் கூடாது. போன தடவை என்ன பண்ணீங்கன்னு கேக்கணும். அப்பத்தான் உண்மை வரும்.

நான் முதல்ல தனியா இல்லைங்க. ஜெகதீசன்னு, என் கிளாஸ்மேட், நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் மேசை வாங்கினோம். அவன் ஐடியா எல்லாம் பெருசா இருக்கும். ட்ரோன்ல மருந்தடிக்கிறது, மாட்டுக்கு வாட்ச் கட்டுறது. சிரிச்சுக்கிட்டே இருப்பான். அப்புறம் ஓசூர்ல வேலை கிடைச்சுப் போயிட்டான். நல்ல விஷயம்தானே, நான்தான் பஸ் ஏத்தி விட்டேன். மேசையில அவன் பேரு ஒட்டுன ஸ்டிக்கர் இன்னும் இருக்குது. உரிச்சா கீறல் விழும்னு விட்டுட்டேன்.

அவன் போனதுக்கு அப்புறம்தான் எனக்கு ஐடியா கொட்ட ஆரம்பிச்சுது. இட்லி மாவு இருக்குதுல்ல, கடையில ஒரு கிலோ பாக்கெட்தான் கிடைக்குது. ஒத்த ஆளு என்ன பண்ணுவான்? புளிச்சுப் போயிடுது. ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு ஆகுற மாதிரி சின்னப் பாக்கெட். அது ஒண்ணு. அப்புறம் பொங்கல், தீபாவளிக்கு மெஸ் எல்லாம் மூடிடுறாங்க. ஊருக்குப் போகாம ரூம்லயே கிடக்கிறவனுக்கு அன்னைக்கு ஒரு இலைச் சாப்பாடு. காலையில அலாரத்துக்குப் பதிலா ஒரு ஆளே ஃபோன் பண்ணி, எந்திரிச்சாச்சா, என்ன சாப்பிட்டேன்னு கேக்குற ஒரு சர்வீஸ். அப்புறம் ரூம் மாத்துறப்போ இந்த பீரோ இருக்குதே, அதை ஒருத்தனாத் தூக்க முடியாது. அந்தப் பக்கத்தைப் பிடிக்கிறதுக்கு மட்டும் ஒரு ஆள்.

சிரிக்கிறீங்க. பரவாயில்லைங்க, மேடமும் சிரிச்சாங்க. சிரிச்சுட்டு, "குழந்தைவேல், உன் ஐடியா எல்லாத்துலயும் ஒரே ஒரு ஆள்தான் இருக்கான். கவனிச்சியா?"ன்னாங்க. "சந்தை ரொம்பச் சின்னதுங்களா மேடம்?"னு கேட்டேன். அதுக்கு அவங்க, "சாப்பிட்டியா?"ன்னு கேட்டாங்க. சில நேரம் அவங்க சொல்றதுக்கும் கேக்குறதுக்கும் சம்பந்தமே இருக்காது.

சரி, விஷயத்துக்கு வரேன். அந்த மாவு ஐடியாவுக்காக அஸ்தம்பட்டியில ஒரு மளிகைக் கடை வாசல்ல நின்னு பேசிட்டு இருந்தேன். ஸ்டெல்லா டீச்சர்னு ஒருத்தங்க. ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், கல்யாணம் பண்ணிக்கலை, தனியாத்தான் இருக்காங்க. மாவு பத்திக் கேட்டா, "மாவு கிடக்குது விடுப்பா. எனக்குக் கண் ஆபரேஷன் பண்ணணும். கூட ஆள் கூட்டிட்டு வாங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. அந்த ஆளைப் பாக்கெட்ல போட்டு விப்பியா?"ன்னாங்க.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சுங்க. யோசிச்சுப் பாருங்க. டாக்டர் இருக்காரு, ரூம் இருக்குது, மருந்து இருக்குது, எல்லாத்துக்கும் காசு கட்டலாம். கூட ஆள் மட்டும் வீட்டுல இருந்து வரணும். வரலைன்னா உள்ள விட மாட்டாங்க. இது எவ்வளவு பெரிய தொழில்! மருந்து வாங்கிட்டு வர, சீட்டுல கையெழுத்துப் போட, முழிச்சதும் தண்ணி குடுக்க ஒரு ஆள். ஜெகதீசனுக்கு உடனே மெசேஜ் போட்டேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம் போட்டிருந்தான்.

ஆரம்பத்துல நானே போனேன். சோதிச்சுப் பார்க்கணும்ல. டீச்சரோட கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆட்டோவுல போறப்போ, நான் யாரு, எப்படிப் பேசணும்னு எல்லாம் தெளிவாச் சொல்லியிருந்தேன். "நோயாளித் துணைச் சேவை"ன்னு பேரெல்லாம் வெச்சு ஒரு அட்டை மாட்டியிருந்தேன் கழுத்துல. உள்ள போனதும் நர்ஸ் கேட்டாங்க, "இந்தப் பையன் உங்களுக்கு யாருங்க?" டீச்சர் கொஞ்சமும் யோசிக்கலை. "என் தங்கச்சி பையன்"ட்டாங்க. கையை நீட்டி என் அட்டையைச் சட்டைக்குள்ள தள்ளி விட்டுட்டாங்க. அந்த நர்ஸ் என்னைப் பார்த்துட்டு, "மூக்கு அப்படியே உங்களை மாதிரியே இருக்குது மேடம்"னாங்க. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் என் மூக்கைப் பத்திப் பேசுனாங்க.

சரி, பழக்க தோஷம்னு விட்டுட்டேன். அடுத்து நாச்சிமுத்துன்னு ஒருத்தர். ஹார்டுவேர் கடை. இதே ஊர்ல ரெண்டு பசங்க இருக்காங்க, பேச்சு வார்த்தை கிடையாது. ஆஞ்சியோவுக்குப் போகணும். வாசல் வரைக்கும் "வாங்க தம்பி, போங்க தம்பி"ன்னு மரியாதையாத்தான் வந்தாரு. உள்ள போனதும், சிஸ்டர் கேக்குறதுக்கு முன்னாடியே, "என் சின்னப் பையனுங்க. டேய், செல்லை உள்ள வை. டாக்டரம்மா வராங்கள்ல, நேரா நிக்கத் தெரியாது?"ன்னாரு. நான் செல்லை எடுக்கவே இல்லைங்க! சிஸ்டர் என்னைப் பாவமாப் பார்த்தாங்க. "வயசுப் பையனை எல்லார் முன்னாடியும் இப்படித் திட்டாதீங்கய்யா"ன்னாங்க. "நீங்க சும்மா இருங்கம்மா, இவனை விட்டா இப்படியே சாப்பிடாமத் திரிவான். டேய், போய்த் தின்னுட்டு வாடா"ன்னாரு.

போய்ச் சாப்பிட்டேன். என்ன பண்றது, வேலைன்னு வந்துட்டா செய்யணும்ல. அன்னைக்கு வயிறு எரியவே இல்லை.

சாயந்தரம் கூட்டிட்டு வெளிய வந்தேன். ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டினதும் கையெடுத்துக் கும்பிட்டு, "ரொம்ப நன்றிங்க தம்பி, உங்களுக்கு ரொம்பச் சிரமம் குடுத்துட்டேனுங்க"ன்னாரு. அதுவரைக்கும் டேய்னு கூப்பிட்டவரு. அந்த "ங்க" காதுல விழுந்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. வெயிலா இருக்கும்.

அப்புறமும் நிறைய பேருக்குப் போனேன். அண்ணன் மகன், அக்கா பேரன், ஒருத்தங்களுக்கு வருங்கால மருமகன். ஒருத்தர்கூட, ஒருத்தர்கூட, இவரு கூலிக்கு வந்திருக்காருன்னு வாயைத் திறந்து சொல்லலைங்க. நான் விட மாட்டேன், மேடம் சொன்ன கடைசிக் கேள்வியைக் கேட்டுடுவேன். இன்னொருத்தர்கிட்ட சொல்வீங்களா? ஸ்டெல்லா டீச்சர் சொன்னாங்க, "எப்படிப்பா சொல்றது? எனக்கு யாரும் இல்லை, ஆள் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்னா?" அதுக்கப்புறம் ஒரு தடவை அவங்களை பேக்கரியில பார்த்தேன். கூட இன்னொரு அம்மா இருந்தாங்க. நான் சிரிச்சேன். "யாரு டீச்சர் அது?"ன்னு அந்தம்மா கேட்டாங்க. "தெரியலையே, பழைய ஸ்டூடண்டா இருக்கும்"னாங்க டீச்சர்.

எனக்கு வருத்தம் எல்லாம் இல்லைங்க. அவங்க வாடிக்கையாளர். மறுபடியும் கூப்பிடுவாங்க, ஆனா பரப்ப மாட்டாங்க. அவ்வளவுதான் அதுல நான் எடுத்துக்கிட்டது.

எங்க மையத்துல எந்த ஐடியா தேறும்னு முடிவு பண்ண நடுவர்கள் வருவாங்க, இதையெல்லாம் அப்படியே அவங்க முன்னாடி சொன்னேன். மறைக்கலாம்னு பக்கத்து மேசைப் பையன் சொன்னான், எனக்கு வராது. நடுவர்ல ஒருத்தர் நூல் மில் முதலாளி. அவரு கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. "அப்போ உன் சரக்கு நல்லா இருந்தா ஊருக்கே தெரியாது. கெட்டுப் போனாத்தான் தெரியும். இதை வெச்சு எப்படித் தம்பி கடை நடத்துவ?"ன்னாரு. ஹாலே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், சரியாத்தானே சொல்றாரு. மேடம் மட்டும் சிரிக்காம, "ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு ஆளாவது தன் வாயால, இவரை நான் கூலி குடுத்துக் கூட்டிட்டு வந்தேன்னு ஆஸ்பத்திரியில சொல்லட்டும். அப்புறம் பார்க்கலாமா சார்?"னு கேட்டாங்க. அவரும் சரின்னுட்டாரு. இந்த மாசக் கடைசி வரைக்கும் தவணை. அதுக்குள்ள அந்த ஒரு ஆளு கிடைக்கலைன்னா மேசை போயிடும். மேசை போச்சுன்னா வீட்டுக்கு என்ன சொல்றது? இருந்த ஒரு உண்மையும் போயிடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு இந்த வயிறு.

அம்மாவைக் கூப்பிட வேண்டியதுதானேன்னு கேக்குறீங்க. கேப்பீங்கன்னு தெரியும். எனக்கு ஆள் இல்லாம இல்லைங்க. சொன்னா அம்மா கிழங்குக் கத்தியைக் கூடக் கீழ வெக்காம ஓடி வந்துடும். வந்தா ரூமைப் பார்க்கும், பாத்திரத்தைத் திறந்து பார்க்கும், அப்புறம் உன் கம்பெனியைக் காட்டுடான்னு சொல்லும். என்ன காட்டுறது? மேசையையா? ஜெகதீசன் போன வாரமே வரேன்னான். "மச்சான், கண்டிப்பா வரேன்டா"ன்னான். ஷிஃப்ட் மாத்திட்டாங்களாம். நான்தான் பரவாயில்லைடா, இங்க ஆள் இருக்காங்கன்னு சொன்னேன். மேடத்துக்கு ஃபோன் பண்ணலாம்தான். பேரை எடுத்து வெச்சுக்கிட்டு, பண்ணாம விட்டுட்டேன். அவங்ககிட்ட ஐடியாவோடதான் போகணும்.

போன வாரம் அந்த கேன்டீன்ல இட்லியைப் பிட்டு வாயில வெச்சப்போ தோணுச்சுங்க. ஏன், நானே அந்த வாடிக்கையாளரா இருந்தா என்ன? யாரோட கஷ்டம்? என்னோடது. முன்னப் பின்னத் தெரியாத ஒருத்தரைக் கூலி பேசிக் கூட வெச்சுக்கிறேன். சிஸ்டர் வந்து கேட்டா, பளிச்சுன்னு சொல்றேன். "இவரு எனக்குச் சொந்தம் இல்லைங்க. காசு குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கேன்." முடிஞ்சுது. வெக்கப்பட இதுல என்ன இருக்குது? ஆட்டோவுக்குக் காசு குடுக்கிறோம், வெக்கப்படுறோமா? ஒருத்தன் சொன்னா அடுத்தவன் சொல்லுவான். அந்த முதல் ஆளு நான்.

அதுதாங்க அந்த ஏற்பாடு. உங்களைத்தான் கேக்குறேன்.

எப்படியும் நீங்க மத்தியானம் வரைக்கும் இங்கதான் இருக்கீங்க. டயாலிசிஸ் ரூம் அந்தக் கதவு, எனக்கு இந்தக் கதவு. நடுவுல இந்தச் சேர். ஒரு கையெழுத்து, அப்புறம் என் செல்லையும் வாட்சையும் வெச்சுக்கணும். முழிச்சதும் கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரணும், அவ்வளவுதான். கூலி கட்டாயம் வாங்கிக்கணும். சும்மா வந்தீங்கன்னா அது உதவி ஆயிடும், சோதனை ஆகாது. உதவி எனக்கு வேண்டாங்க.

சரிங்களா? நிஜமாவா? காசு வேண்டாம்னு சொல்லாதீங்கண்ணா, அதான் சொல்றேனே. சரி, அதை அப்புறம் பேசிக்கலாம். உங்க பேரு? அர்த்தநாரிங்களா? திருச்செங்கோடா? அந்த ஊர்ச் சாமி பேராச்சே, நினைச்சேன்.

சிஸ்டர் கேக்குறப்போ நீங்க எதுவும் பேச வேண்டாம். நான் சொல்லிக்கிறேன். சொல்லிச் சொல்லிப் பழகி வெச்சிருக்கேன். "இவரு எனக்குச் சொந்தம் இல்லைங்க. காசு குடுத்து." காலையில கண்ணாடியைப் பார்த்துச் சொல்றப்போ சுலபமா வந்துச்சு. என்ன, கண்ணாடியில நான் ஒருத்தன்தானே இருந்தேன்.

இருங்க, என் பேரைத்தான் கூப்பிடுறாங்க. குழந்தைன்னு கூப்பிட்டதும் எல்லாரும் சின்னப் பிள்ளையைத் தேடுறாங்க பாருங்க. எப்பவும் இப்படித்தான்.

வரேங்க சிஸ்டர்! ஆமாங்க, நான்தான். ஆமாங்க, போன வாரம் வந்து திரும்பிப் போனவன்தான். சாப்பிடலைங்க, தண்ணிகூடக் குடிக்கலை. ஆள் இருக்காங்க சிஸ்டர், இன்னைக்கு ஆள் இருக்காங்க. இதோ நிக்கிறாரு. யாருன்னா? இவரு எனக்கு… இவரு வந்துங்க…

எங்க சித்தப்பாங்க சிஸ்டர்.

ஆமாங்க, சொந்தச் சித்தப்பா. எங்க அப்பாவோட தம்பி. திருச்செங்கோட்டுல இருந்து வந்திருக்காரு. எனக்காகத்தான் வந்தாரு. காலையிலேயே வந்துட்டாரு.

அங்கியை மாட்டிட்டு வந்துடுறேன் சிஸ்டர், ஒரே நிமிஷம்.

அப்படிப் பார்க்காதீங்க. மேடத்துகிட்ட நானே சொல்லிடுறேன், இந்த ஐடியா தேறாதுன்னு. இந்தாங்க செல்லு. வாட்சு. கட்டைவிரல் வெச்சா செல்லு திறக்காது, நம்பர் சொல்றேன். வேண்டாமா? யாரும் கூப்பிட மாட்டாங்க, சும்மா வெச்சிருங்க. உங்க மாமியார் முடிஞ்சு வந்தாலும் கொஞ்சம் இங்கயே இருப்பீங்கல்ல? நான் முழிக்கிற வரைக்கும்?

சித்தப்பா, கொஞ்சம் திட்டுங்களேன். ஏன்டா ஒழுங்காச் சாப்பிடலைன்னு. சத்தமாவே திட்டுங்க, சிஸ்டர் பார்த்துட்டு இருக்காங்க.